எட்டுப் பக்கத்தில் ஓர் ஊர்

பிள்ளைகள் செய்த கையெழுத்துப் பத்திரிகை ஒன்று கைக்கு வந்தால், நேரே நான்காம் பக்கத்தையும் ஐந்தாம் பக்கத்தையும் விரித்துப் பார்ப்பது என் வழக்கம். எட்டுப் பக்க இதழுக்கு அதுதான் நடுப்பக்கம். அட்டை போடும்போது எல்லாப் பிள்ளைக்கும் உற்சாகம் பொங்கும். கடைசிப் பக்கம் வந்தால், முடிக்கப்போகிறோம் என்ற தெம்பு தானாக வந்துவிடும். நடுவிலுள்ள இந்த இரண்டு பக்கங்களுக்குத்தான் எந்தத் துணையும் கிடையாது. சொல்வதற்கு உள்ளபடியே விஷயம் இருந்ததா, அதை எழுத்தில் வைப்பதா படத்தில் வைப்பதா என்று பிள்ளை யோசித்ததா, எதிரெதிர்ப் பக்கங்களை ஒரே பரப்பாகக் கண்டதா என்பதெல்லாம் அங்கே ஒரே பார்வையில் தெரிந்துவிடும். நடுப்பக்கம் நன்றாக அமைந்த இதழில் மற்றப் பக்கங்கள் சோடை போய் நான் பார்த்ததில்லை.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எழுதுவதில் பெரும்பகுதி ஒரே ஒருவருக்காக எழுதப்படுகிறது. அவர் விடைத்தாள் திருத்துபவர். அவருக்கு விடை முன்பே தெரியும். தெரிந்தவரிடம் தெரிந்ததையே திருப்பிச் சொல்லும்போது, புரியவைக்க வேண்டிய பொறுப்பு சொல்பவருக்கு இல்லாமல் போகிறது. கையெழுத்துப் பத்திரிகையின் வாசகருக்கோ விஷயம் தெரியாது. அவர் அடுத்த பெஞ்சில் இருக்கலாம், கீழ்வகுப்பில் இருக்கலாம், பக்கத்து ஊர்ப் பள்ளியில் இருக்கலாம். பிடிக்கவில்லையென்றால் மூடி வைத்துவிட்டுப் போய்விடுவார். அவரைப் பக்கம் புரட்ட வைக்க வேண்டும். பிள்ளைக்கு ஒரு வாசகரைக் கொடுத்துவிட்டால் போதும், பாடத்தில் பாதியை அந்த வாசகரே நடத்திவிடுவார். இந்தக் கைவேலையை நான் இவ்வளவு கொண்டாடுவதற்கு அதுவே காரணம்.

தமிழ்நாட்டுக்கு இது புதிய சரக்கல்ல. ஒருவர் முத்துமுத்தாக எழுத, இன்னொருவர் படம் வரைய, தாள்களை ஊசிநூலால் தைத்து, ஒரே பிரதியாகக் கைமாற்றிக் கைமாற்றிப் படித்த கையெழுத்துப் பத்திரிகைகள் சென்ற நூற்றாண்டில் ஊர்தோறும் இருந்தன. படித்தவர்கள் கடைசித் தாளில் கருத்தெழுதி அடுத்தவருக்குத் தருவார்கள். திருவாரூரில் பள்ளி மாணவராக இருந்தபோது மு. கருணாநிதி ‘மாணவ நேசன்’ என்ற கையெழுத்துப் பத்திரிகையை நடத்தினார். 1942 ஆகஸ்டில் ‘முரசொலி’யைத் தொடங்கும்போது, ஆசிரியர் வேலையின் அரிச்சுவடி அவருக்கு ஏற்கெனவே கைப்பழக்கமாகியிருந்தது. எழுத்தாளர்களாகப் பின்னாளில் பெயரெடுத்த பலருடைய முதல் பத்திரிகை அச்சகத்தைப் பார்த்ததே இல்லை.

கொங்கு நாட்டுக்கு இதில் தனிப் பங்கு உண்டு. ஈரோட்டுப் பக்கத்து மஞ்சக்காட்டுவலசில் 1908 இல் பிறந்த ம.ப. பெரியசாமித் தூரன், சென்னையில் கல்லூரி மாணவராக இருக்கும்போதே நண்பர்களோடு சேர்ந்து ‘பித்தன்’ என்ற இதழை நடத்தினார். அதன் பிறகு கோவை இராமகிருஷ்ண வித்யாலயத்தில் ஆசிரியரானார். அதன் பிறகு பத்துத் தொகுதித் தமிழ்க் கலைக்களஞ்சியத்துக்கும், 1968 முதல் 1976 வரை வெளிவந்த பத்துத் தொகுதிக் குழந்தைகள் கலைக்களஞ்சியத்துக்கும் முதன்மையாசிரியராக இருந்தார். மாணவர் இதழ், வகுப்பறை, குழந்தைகளுக்கான பேரறிவுத் தொகுப்பு என்று அந்த வாழ்க்கை போன வரிசையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். தெரிந்ததைத் தெரியாதவருக்குச் சுருக்கமாகவும் சரியாகவும் சொல்வதுதான் இந்த மூன்றுக்கும் பொதுவான வேலை. 1971 இல் கோவையிலிருந்து வந்த ‘வானம்பாடி’யும் இந்த மண்ணின் கதைதான். புவியரசு, சிற்பி முதலிய கவிஞர்கள் கூடி, கவிதையை விலைக்கு விற்காமல் மடலாகக் கைக்குக் கை தந்தார்கள். சின்னத் தாளுக்கு எவ்வளவு தூரம் போகும் பலமுண்டு என்பதற்கு அதைவிடக் கிட்டத்துச் சாட்சி நமக்கு வேண்டியதில்லை.

மேலைநாட்டில் இதே வேலை வேறொரு கிளையாக வளர்ந்தது. 1930 இல் சிகாகோவைச் சேர்ந்த அறிவியல் புனைகதை வாசகர்கள் ‘தி காமெட்’ என்ற இதழைத் தாங்களே தயாரித்துச் சுற்றுக்கு விட்டார்கள். ரசிகர்களே நடத்தும் இத்தகைய இதழ்கள் பெருகி, ‘ஸீன்’ என்ற பெயரில் ஓர் உலகமே உருவானது. இன்று நியூயார்க்கிலுள்ள பர்னார்ட் கல்லூரி நூலகம் அவற்றுக்கெனத் தனித் தொகுப்பு வைத்து, பட்டியலிட்டு, ஆய்வாளர்களுக்குத் தருகிறது. ஆசிரியர்கள் வகுப்புக்குள் கொண்டுவந்த பிறகுதான் இந்தக் கலை இன்னொரு முகம் காட்டியது. நம்முடைய பழைய கையெழுத்துப் பத்திரிகையில் எழுத்து வருகிற நாலு பேர் எழுதினார்கள், மற்றவர்கள் படித்தார்கள். வகுப்பறை இதழில் ஒவ்வொரு பிள்ளையும் ஆசிரியர், ஒவ்வொரு பிள்ளையும் வெளியீட்டாளர். ஒரே ஓர் ஏ4 தாள் போதும் என்பதால்தான் அது முடிகிறது.

அந்த ஒற்றைத் தாளின் மடிப்பைக் கொஞ்சம் நின்று ரசிக்க வேண்டும். தாளை நீளவாக்கில் ஒரு முறை மடித்து விரிக்கிறோம். பிறகு குறுக்கே பாதியாகவும், அந்தப் பாதியை மறுபடி பாதியாகவும் மடித்து விரித்தால் இரண்டு வரிசையில் எட்டுக் கட்டங்கள் கிடைக்கும். நடுவிலுள்ள நான்கு கட்டங்களுக்கு இடையே, நீளவாக்கு மடிப்பின் மேல், இரண்டு கட்ட நீளத்துக்கு ஒரே ஒரு வெட்டு. இனித் தாளை நீளவாக்கில் மடித்து, இரு முனைகளையும் பிடித்து உள்நோக்கித் தள்ளினால் வெட்டு வாய்திறந்து, மேலிருந்து பார்க்கக் கூட்டல் குறி போல நிற்கும். அதை ஒரு பக்கமாகச் சுற்றிப் படியவைத்தால் புத்தகம். பசையில்லை, ஊசியில்லை, நூலில்லை. ஒவ்வொரு பக்கமும் 74 மில்லிமீட்டர் அகலம், 105 மில்லிமீட்டர் உயரம். சட்டைப் பையில் அடங்கும். முதல் முறை தாள் புத்தகமாகும்போது வகுப்பில் எழும் சத்தத்தை எந்தப் பாட அறிமுகமும் எழுப்பியதில்லை.

அதே தாளைத் திரும்ப விரித்தால் கணக்குப் பாடம் தொடங்குகிறது. கீழ் வரிசையில் இடமிருந்து வலமாக 6, 7, 8, 1 என்று பக்கங்கள் நிற்கின்றன. மேல் வரிசையில் 5, 4, 3, 2 என்று தலைகீழாக நிற்கின்றன. ஆறுக்கும் ஐந்துக்கும் ஒரே மடிப்பு. ஒன்றுக்கும் இரண்டுக்கும் ஒரே மடிப்பு. ஏன் இப்படி என்று கேட்காத பிள்ளை இருக்காது. வெற்றுத் தாளை மடித்துப் பக்கத்துக்கு எண் போட்டு, விரித்துப் பார்த்து அவர்களே கண்டுபிடிக்கட்டும். அடுத்த படியாக, இரண்டு தாள்களை ஒன்றுக்குள் ஒன்று செருகி நடுவில் பின்னடித்து எட்டுப் பக்க நூல் செய்தால், விரித்த தாளின் ஒரு முகத்தில் அருகருகே வரும் எண்களின் கூட்டுத்தொகை எப்போதும் 9 என்று தெரியும். பதினாறு பக்கமென்றால் 17. அச்சகத்தார் ஃபாரம் கட்டும் கணக்கின் அடிப்படை இந்த விதியில்தான் இருக்கிறது. நூல்களின் பக்க எண்ணிக்கை ஏன் நான்கின் மடங்காக அமைகிறது என்பதையும் அந்தப் பிள்ளை இனி மறக்காது. மடங்கு, சமச்சீர், சுழற்சி என்று கரும்பலகையில் தனித்தனியாக நின்றவை இங்கே விரலுக்குள் வந்து வேலை செய்கின்றன.

மடிப்பு தரும் இரண்டாவது கொடை அதன் குறுகலான இடம். ஓரம் விட்டுப் போக மீதியிருக்கும் அகலத்தில், பிள்ளை எழுத்தில், ஒரு வரிக்கு மூன்று சொல்தான் நிற்கும். பக்கத்துக்கு ஏறக்குறைய பன்னிரண்டு வரி. ஆக ஒரு பக்கத்துக்கு முப்பத்தைந்து, நாற்பது சொற்கள். அட்டைகளைக் கழித்தால் உள்ளே ஆறு பக்கம். எல்லாம் சேர்ந்து இருநூற்று நாற்பது சொல்லைத் தாண்டுவது அரிது. படத்துக்கும் அதில்தான் இடம். ‘பசு நான்கு கால்கள் கொண்டது’ என்று தொடங்கிப் பக்கத்தை நிரப்பப் பழகிய பிள்ளை, இங்கே முதல் முறையாக எதை விடுவது என்று யோசிக்கிறது. தேர்வுத்தாள் நிரப்பச் சொல்கிறது. இந்தத் தாள் கழிக்கச் சொல்கிறது. எழுதுகிறவர் எவருக்கும் கடைசி வரை தேவைப்படும் திறமை அதுதான். பக்கம் புரட்டும் கணத்தைப் பிள்ளைகள் கண்டுகொள்வது இன்னும் அழகு. மூன்றாம் பக்கத்தின் கடைசி வரியில் கேள்வியை நிறுத்தி, புரட்டியதும் பதிலை வைக்கும் உத்தியை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஒருவர் செய்தால் அடுத்த முறை பத்துப் பேர் செய்வார்கள்.

இந்தத் தாளில் எதை எழுதுவது என்று பார்க்க, இப்போது பல்லடத்துக்கு வருவோம். கோவைக்கும் கரூருக்கும் இடையில் திருச்சி சாலையில் இருக்கும் ஊர். திருப்பூர் கூப்பிடு தூரம். 2009 வரை கோவை மாவட்டம், அதன் பிறகு திருப்பூர் மாவட்டம். சுற்றிலும் விசைத்தறிக் குடோன்களும் கோழிப்பண்ணைகளும். கறிக்கோழியின் பண்ணைக் கொள்முதல் விலையை இங்கிருக்கும் ஒருங்கிணைப்புக் குழு அறிவித்தால் மாநிலம் முழுக்கக் கறிக்கடைகள் கேட்டுக்கொள்கின்றன. தறிகளில் ஓடும் காடாத் துணி எங்கெங்கோ போய்ச் சாயமேறிச் சட்டையாகிறது. இத்தனை பெரிய தொழில்கள் இரண்டின் நடுவில் வளரும் பிள்ளையின் பாடநூலில் இந்த ஊர் எத்தனை வரி? பாடநூல் மாநிலம் முழுமைக்கும் எழுதப்படுவது. அதில் எல்லா ஊருக்கும் இடம் கேட்க முடியாது. இந்த இடத்தை நிரப்பத்தான் எட்டுப் பக்கத் தாள் அளவெடுத்தது போல வந்து நிற்கிறது.

ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி ‘ஒரு தறியின் ஒரு நாள்’ என்று இதழ் செய்வதாக வைத்துக்கொள்வோம். முதலில் அவள் குடோனுக்குள் போக வேண்டும். சத்தத்தில் வாய்ப்பேச்சு கேட்காது. ஷிஃப்ட் முடிந்து வெளியே வருபவரைப் பிடிக்க வேண்டும். ‘அண்ணா, ஒரு தறி ஒரு நாளைக்கு எத்தன மீட்டருங்க ஓடும்?’ என்று கேட்க வேண்டும். பாவு என்னும் நீளவாக்கு நூல் எங்கிருந்து வருகிறது, இழை அறுந்தால் என்ன செய்வார்கள், கரண்டு போனால் கூலி என்ன ஆகும் என்று அவள் தயாரிக்கும் கேள்விகளே ஒரு நல்ல பாடம். பதில்கள் வந்ததும், முப்பத்தைந்து சொல்லுக்குள் கூலிக் கணக்கைச் சொல்ல வேண்டும். மீட்டருக்கு இவ்வளவு, ஷிஃப்டுக்கு இத்தனை மீட்டர், வாரக் கடைசியில் கைக்கு இவ்வளவு என்று அவள் பெருக்கும் பெருக்கலில் தவறினால் படித்துப் பார்க்கும் அப்பாவே பிடித்துவிடுவார். நடுப்பக்கம் இரண்டையும் சேர்த்து ஒரு தறியின் படம். பாவு நூல் எந்தப் பக்கமிருந்து வருகிறது, துணி எந்த உருளையில் சுற்றுகிறது என்பதை வரையத் தொடங்கும்போதுதான், தினமும் பார்க்கும் தறியை இதுவரை பார்த்ததில்லை என்று அவளுக்குத் தெரியும். மறுபடி ஒருமுறை குடோனுக்குப் போவாள். அந்த இரண்டாம் நடைதான் கற்றல்.

பக்கத்துப் பெஞ்சிலிருப்பவன் கோழிப்பண்ணையை எடுக்கிறான். ஒரு நாள் வயதுக் குஞ்சு இறக்குவதிலிருந்து, நாற்பது நாளைத் தாண்டி இரண்டு கிலோ எடையில் வண்டியேறும் வரை அவனுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. ஒரு கிலோ எடை கூட எத்தனை கிலோ தீவனம் என்ற கணக்கைப் பண்ணைக்காரர்கள் விரல்நுனியில் வைத்திருப்பார்கள். விகிதம் என்ற பாடத்துக்கு அதைவிட உயிருள்ள எடுத்துக்காட்டு கிடையாது. குஞ்சும் தீவனமும் மருந்தும் கம்பெனியினுடையவை, கொட்டகையும் கரண்டும் உழைப்பும் வளர்ப்பவருடையவை, வளர்ப்புக் கூலி எடைக்கு இவ்வளவு என்று அவன் ஆறாம் பக்கத்தில் எழுதுகிறான். இரண்டு இதழ்களும் வகுப்பில் கைமாறும்போது ஒரு நல்ல கணம் வாய்க்கும். அவள் அப்பா ஓட்டும் பாவும் ஊடைநூலும் வேறொருவருடையவை, தறியும் உழைப்பும் இவர்களுடையவை, கூலி மீட்டருக்கு. ‘எங்க வீட்டுக் கணக்கும் உங்க வீட்டுக் கணக்கும் ஒண்ணுதானே!’ என்று யாராவது ஒரு பிள்ளை சொல்லாமல் இருக்காது. நூலைத் தருபவருக்கும் குஞ்சைத் தருபவருக்கும் உள்ள ஒற்றுமையைப் பொருளியல் ஆசிரியர் சொன்னால் அது குறிப்பு. இரண்டு பிள்ளைகள் தம் தம் தாளை அருகருகே வைத்துக் கண்டால் அது அறிவு. தாள்கள் ஒரே அளவிலும் ஒரே பக்க எண்ணிக்கையிலும் இருப்பதால்தான் இப்படி அருகருகே வைத்துப் பார்க்க முடிகிறது என்பதையும் கவனிக்க வேண்டும்.

இன்னும் எத்தனையோ இருக்கின்றன. பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத்தில் பல்லடம் வட்டத்து வயல்களுக்கும் பங்குண்டு. நான்கு மண்டலங்களாகப் பிரித்துச் சுழற்சியில் தண்ணீர் விடுகிறார்கள். எந்த வருஷம் யாருக்குத் தண்ணீர், வாய்க்கால் வறண்டிருக்கும் வருஷம் தோட்டத்தில் என்ன வைப்பார்கள் என்பதை அப்புச்சியிடம் கேட்டு ஒரு இதழ் செய்யலாம். காற்றாலை இறக்கை எந்த மாதத்தில் வேகமாகச் சுற்றுகிறது என்று பார்த்துக் குறித்து ஒன்று. சந்தைக்கு வரும் காய் எந்த ஊரிலிருந்து வருகிறது என்று ஒன்று. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து தறியிலும் பனியன் கம்பெனியிலும் வேலை செய்பவர்களின் பிள்ளைகளும் இப்போது நம் பள்ளிகளில் இருக்கிறார்கள். தமிழ் எழுதத் தடுமாறும் அந்தப் பிள்ளை படங்களாலும் தன் மொழியாலும் இதழ் செய்து, பக்கத்திலிருப்பவரிடம் கேட்டுத் தமிழ் வரிகளைச் சேர்க்கலாம். வகுப்பின் கடைசி பெஞ்சிலிருந்து அந்தப் பிள்ளையை நடுவுக்குக் கொண்டுவர இதைவிட மென்மையான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

உலகத்தில் இந்த வழியை ஒரு முறையாகவே ஆக்கிக் காட்டியவர் பிரான்ஸ் நாட்டுக் கிராமப் பள்ளி ஆசிரியர் செலஸ்தென் ஃப்ரெனே. 1896 இல் பிறந்தவர். முதல் உலகப்போரில் நுரையீரலில் காயம்பட்டுத் திரும்பி, 1920 இல் பார்-சுர்-லூ என்ற ஊரில் ஆசிரியரானார். மணிக்கணக்காகப் பேசிப் பாடம் நடத்த மூச்சு ஒத்துழைக்கவில்லை. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஊருக்குள் நடந்தார். கொல்லரையும் தச்சரையும் நெசவாளரையும் வேலை செய்யும் இடத்தில் நின்று பார்த்தார்கள். திரும்பி வந்து பிள்ளைகள் சொன்னதை எழுதினார்கள். 1920களின் நடுவில் ஒரு சின்ன அச்சு இயந்திரத்தை வகுப்புக்குள் கொண்டுவந்தார் ஃப்ரெனே. பிள்ளைகள் எழுதிய உரைகளில் ஒன்றை வகுப்பே தேர்ந்தெடுக்கும்; எல்லோருமாகச் செப்பனிடுவார்கள்; ஈய எழுத்தை ஒவ்வொன்றாகக் கோத்து அச்சடிப்பார்கள். எழுத்தைக் கையால் எடுத்துக் கோக்கும் பிள்ளைக்கு எழுத்துப்பிழை வெறும் சிவப்புக் கோடாக இருக்காது. கழற்றி மாற்ற வேண்டிய ஓர் உலோகத் துண்டாக இருக்கும். ஃப்ரெனேயின் பிள்ளைகள் பார்த்த நெசவாளரைப் பல்லடத்துப் பிள்ளைகள் இரண்டு தெரு தாண்டிப் பார்க்கலாம்.

ஃப்ரெனே அத்தோடு நிற்கவில்லை. நாட்டின் மறுகோடியில், பிரித்தானிப் பகுதியின் கடலோர ஊரான த்ரேகங்கில் ரெனே தனியேல் என்ற ஆசிரியரின் வகுப்போடு அச்சிட்ட தாள்களைப் பரிமாறினார். மலைக்கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கடலோரப் பிள்ளைகள் எழுதினார்கள். நாம் செய்ய வேண்டியதும் இதுதான். பல்லடத்துத் தறி இதழ் வால்பாறைக்குப் போகட்டும். தேயிலை இதழ் இங்கே வரட்டும். இராமேசுவரத்துப் படகு இதழ் வரட்டும். கோழி இதழ் அங்கே போகட்டும். தறியென்றால் என்னவென்றே தெரியாத வாசகருக்கு எழுதும்போதுதான், ‘பாவு’ என்று எழுதிவிட்டு அடுத்த வரியில் அது என்னவென்று சொல்ல வேண்டும் எனப் பிள்ளைக்குத் தோன்றும். வார்சாவில் 1926 முதல் 1939 வரை வெளிவந்த குழந்தைகளின் வாராந்தரப் பத்திரிகை ஒன்றையும் இங்கே நினைக்க வேண்டும். அனாதை இல்லம் நடத்திய மருத்துவர் யானுஷ் கோர்ச்சாக் ஒரு நாளிதழின் இணைப்பாக அதைத் தொடங்கினார். குழந்தைகளும் இளையோரும் அனுப்பிய கடிதங்களும் செய்திகளுமே அதை நிறைத்தன. உலகப்போர் தொடங்கிய 1939 செப்டம்பர் 1 அன்று அதன் கடைசி இதழ் வந்தது. பிள்ளைகளின் சொல் பெரியவர்களின் செய்தித்தாளோடு சேர்ந்து வெளியாகத் தகுந்தது என்று நம்பியவர் அவர்.

பிரதி எடுக்கும் கட்டத்திலும் ரசிக்க நிறைய உண்டு. ஒரு காலத்தில் பள்ளி வினாத்தாள்கள் மெழுகுத் தாளில் எழுத்தாணியால் கீறி, சைக்ளோஸ்டைல் இயந்திரத்தில் சுற்றி வந்தன. இப்போது ஜெராக்ஸ் கடை போதும். ஒற்றைத் தாள் இதழுக்கு ஒரு முகம்தான் அச்சு; வகுப்பு முழுவதற்கும் பிரதி எடுத்தாலும் செலவு கைக்கு அடக்கம். ஆனால் இயந்திரத்துக்கென்று சில குணங்கள் இருக்கின்றன. தாளின் விளிம்பில் சில மில்லிமீட்டரை அது எடுக்காது. அங்கே எழுதினால் வெட்டுப்படும். பென்சில் மங்கும். கறுப்பு மை திடமாக விழும். வெளிர்நீலப் பென்சில் பெரும்பாலும் பிரதியில் வராது என்பதால் வரிக்கோடு போட அதுவே தோழன். இப்படிப்பட்ட நுணுக்கங்களைக் கற்பதில் பிள்ளைகளுக்குள்ள ஆர்வம் பெரிது. ஒரு தொழிலுக்குள் நுழைந்துவிட்ட பெருமிதம் முகத்தில் தெரியும். ஷரத் ஷர்மாவின் ‘வேர்ல்ட் காமிக்ஸ் இந்தியா’ அமைப்பு இந்தியாவின் பல மாநிலங்களில் எளிய மக்களைக் கொண்டு நான்கு கட்டச் சுவரொட்டிப் படக்கதைகள் செய்யவைத்தது. இரண்டு ஏ4 தாள், கறுப்பு மை, ஜெராக்ஸ், ஊர்ச் சுவர். ஓவியம் பயிலாதவர்கள் வரைந்தவை அவை. சொல்ல வேண்டியது உறுதியாக இருந்தால் கோடு கோணினாலும் நிற்கும் என்பதற்கு அவை சான்று.

கையெழுத்தின் மதிப்பைப் பேச சென்னைத் திருவல்லிக்கேணிக்கும் ஒரு நடை போக வேண்டும். 1927 இல் தொடங்கிய ‘தி முசல்மான்’ உருது நாளிதழின் நான்கு பக்கங்களையும் எழுத்துக் கலைஞர்கள் கையால் எழுதினார்கள். பிறகே அது அச்சேறியது. முதல் பக்கத்தில் கடைசி நேரச் செய்திக்கென்று ஒரு மூலையைக் காலியாக விட்டு வைப்பார்கள் என்பது என்னை மிகவும் கவர்ந்த செய்தி. பிள்ளைகளுக்கு நான் அதைச் சொல்வதுண்டு. ஏழாம் பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டு வையுங்கள். எல்லாம் முடிந்த பிறகு ஒன்று தெரியவரும், அதை அங்கே எழுதலாம். அந்தக் காலியிடத்தில் வந்து விழும் வரிகள் பல நேரம் இதழின் மிக நல்ல வரிகளாக இருக்கின்றன.

இனி ஆசிரியரின் கை எங்கே இருக்க வேண்டும் என்ற கேள்வி. மாதிரித் தாளில் அவர் எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கலாம். வெற்றுத்தாளை மடித்துப் பென்சிலால் எழுதிய மாதிரியை முதலில் பக்கத்துப் பிள்ளை படிக்கட்டும். புரியாத இடத்தில் கேள்விக்குறி போடட்டும். அதன் பிறகு ஆசிரியர் பிழைகளைக் காட்டலாம், தகவல் எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். மூலத்தாளில் மை ஏறிய பிறகு அவர் கை படக்கூடாது. மதிப்பெண் போடக்கூடாது, போட்டால் வாசகருக்கு எழுதியது மறுபடி திருத்துபவருக்கு எழுதியதாகிவிடும். பிள்ளையின் பேச்சுவழக்கையும் விட்டுவைக்க வேண்டும். தறிக்காரர் சொன்னதை அவர் சொன்ன மாதிரியே மேற்கோள் குறிக்குள் எழுதவும், தன் விளக்கத்தை எழுத்துத் தமிழில் எழுதவும் பிள்ளை பழகினால், இரண்டு நடையும் அதற்குக் கைவசமாகும்.

அலங்காரம் இந்தக் கலையின் பெரிய எதிரி. ஜிகினாப் பொடி, ஸ்டிக்கர், கடையில் வாங்கிய பார்டர் தாள் எல்லாம் ஒட்டி, அம்மா எழுதி, அக்கா வரைந்து, கண்காட்சிக்கு வரும் இதழ்களை நான் மரியாதையோடு வாங்கி வைத்துவிடுவேன். நான் தேடுவது வேறு. பாதியில் இடம் பற்றாமல் சிறுத்துப்போன எழுத்து, அடித்து எழுதிய எண், அளந்து வரைந்ததால் கொஞ்சம் கோணலான தறிச்சட்டம் இவற்றில் யோசித்த தடம் இருக்கிறது. சென்னையில் தாரா புக்ஸ் நிறுவனம் கையால் பட்டுத்திரை அச்சிட்டுக் கையால் தைக்கும் நூல்களை உலகம் விரும்பி வாங்குகிறது. கை பட்ட தடத்துக்கு அங்கே கிடைக்கும் மதிப்பு, வகுப்பறைத் தாளுக்கும் உரியது.

அரசுப் பள்ளிகளில் இதற்கான நிலம் பண்பட்டே இருக்கிறது. 2003 இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி மாநிலம் முழுதும் பரவிய செயல்வழிக் கற்றல், பிள்ளை கையால் செய்து கற்க முடியும் என்பதை ஆயிரக்கணக்கான ஆசிரியர்களுக்குப் பழக்கியது. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் ‘துளிர்’ 1987 முதல் பிள்ளைகளுக்கு அறிவியலை எளிய தமிழில் தந்துவருகிறது. 2022 இல் பள்ளிக்கல்வித் துறையே ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ என்ற மாணவர் இதழ்களைத் தொடங்கியது. பிள்ளைகளின் படைப்புக்கும் அங்கே இடமுண்டு. மாநிலம் முழுமைக்கும் ஒரு இதழ் வருவது நல்லது. ஆனால் அதில் இடம் பெறுவோர் சிலராகத்தான் இருக்க முடியும். வகுப்புக்குள் வரும் எட்டுப் பக்கத் தாளில் யாரும் விடுபட வேண்டியதில்லை.

பல்லடம் வட்டத்துப் பள்ளி ஒன்று பருவத்துக்கு ஒரு தாள் என்று தொடங்கினால், ஆண்டுக்கு மூன்று முறை வகுப்பில் உள்ள ஒவ்வொரு பிள்ளையும் ஒரு நூலின் ஆசிரியராகிவிடும். ஒவ்வொரு தலைப்பிலும் ஒரு பிரதியை, ஆண்டும் வகுப்பும் எழுதி, பள்ளி நூலகத்தில் எண்ணிட்டு வைக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். இரவல் எடுத்துச்செல்லும் பதிவேட்டில் அதுவும் ஏற வேண்டும். ஐந்தாறு ஆண்டில் இந்த ஊரின் தறிக்கூலியும் தீவனக் கணக்கும் வாய்க்கால் நீரும் பிள்ளைகளின் கையெழுத்தில் தொடர்ச்சியாகச் சேர்ந்துவிடும். அடுத்து வரும் பிள்ளைகள் அதைப் படித்து, எந்த எண் மாறியிருக்கிறது என்று பார்த்துத் திருத்தி எழுதுவார்கள். ஊரைப் பற்றிய நம்பகமான உள்ளூர்ப் பாடநூலை எந்தப் பாடநூல் கழகமும் பல்லடத்துக்கென்று தனியாக அச்சிட்டுத் தரப்போவதில்லை. அதை எழுதும் தகுதி உள்ளவர்கள் நம் வகுப்பறைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்குத் தேவை ஒரு தாள், ஒரு கத்தரிக்கோல், படிக்கக் காத்திருக்கும் ஒருவர்.